படுவான்கரையில் ஒரு முறைப்பாட்டுப் பட்டியல்

மட்டக்களப்பில் உன்னிச்சை என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது குளம். மாரியில் வான்கதவு திறந்தால் அது செய்தி. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் அதுவும் செய்தி. நான் போனது குளம் பார்க்க மட்டுமல்ல. அமெரிக்கப் புரட்சியை அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று பார்க்கவும்தான்.

இலங்கையில் 11ஆம் தர வரலாற்றுப் பாடத்தில் உலகப் புரட்சிகள் ஓர் அலகு. அமெரிக்கச் சுதந்திரப் போர், பிரெஞ்சுப் புரட்சி, ரஷ்யப் புரட்சி மூன்றும் அதற்குள் அடக்கம். சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளை காரணங்களையும் விளைவுகளையும் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வரலாறும் குடியுரிமைக் கல்வியும் படிப்பிக்கும் நண்பர் ஒருவர், தான் அதைக் கொஞ்சம் வேறு மாதிரிச் செய்துபார்ப்பதாகச் சொல்லியிருந்தார். "வாங்க, வகுப்பில வந்து இருந்து பாருங்க" என்றார். போனேன்.

பயணம் புளியந்தீவில் தொடங்கியது. மட்டக்களப்பு நகரின் இந்தச் சிறு தீவில் அமெரிக்காவின் தடத்தைத் தேடி அலையத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த குருமார் இங்கே வரத் தொடங்கினார்கள். புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தார்கள், கூடைப்பந்து பழக்கினார்கள், தொழில்நுட்பப் பயிற்சி கொடுத்தார்கள். வெபர் அடிகளாரின் பெயரில் நகரின் விளையாட்டரங்கு இன்றும் இருக்கிறது. அங்கே பந்து உதைக்கும் பையன்களில் எத்தனை பேருக்கு வெபர் யார் என்று தெரியுமோ, 'வெபர்' என்றால் மைதானம் என்று எல்லோருக்கும் தெரியும். 1948இல் வந்தவர்களில் இருவர் யூஜின் ஹேபர்ட், ஹரி மில்லர். இந்த இரண்டு பெயர்களும் பின்னால் வரும்.

தமிழருக்கு அமெரிக்க ஆசிரியர்கள் கிடைத்தது அதற்கும் வெகு முன்னரே. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்கள். ஆங்கில ஆட்சிக்கு இந்த அமெரிக்கர்மேல் ஐயம் இருந்தது. 1812இல் இரு நாடுகளுக்குமிடையே மூண்ட போரின் சூடு ஆறாத காலம் அது. 1820இல் அச்சுத் தொழில் தெரிந்த ஜேம்ஸ் கரட் வந்திறங்கியபோது ஆளுநர் பார்ன்ஸ் அவரை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார். அரசனை உதறிய நாட்டு மனிதர் கையில் அச்சு இயந்திரம் இருப்பதை அரசனின் ஆளுநர் விரும்பாததில் வியப்பில்லை. அந்த அச்சம் கொஞ்சம் அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும். வந்தவர்கள் வேதாகமமும் வானசாத்திரமும் கணிதமும் படிப்பித்தார்கள், கலகம் படிப்பிக்கவில்லை.

நகரை விட்டு மேற்கே வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வாவி பின்னால் போய்விடும். வவுணதீவு தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். யுத்த காலத்தில் இந்தப் பாலத்தோடு ஓர் ஆட்சி முடிந்து அப்பால் இன்னோர் ஆட்சி தொடங்கியது. படுவான்கரை 2007வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. இன்று சோதனைச்சாவடி இல்லை. மாடுகள்தான் பஸ்ஸை மறிக்கின்றன. ஆயித்தியமலை மாதா கோவிலில் ஒரு தாய் இறங்கி, சந்தியில் நின்றபடியே சிலுவை போட்டுவிட்டு நடந்தார். அதற்கப்பால் வீடுகளுக்கு இடைவெளி கூடும். வயலோரம் யானை வேலிக் கம்பி, மரங்களின் உச்சியில் காவல் பரண். உன்னிச்சைக்குப் போகும் பஸ் நேரத்தை விசாரித்தால் எல்லோரும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள்.

பாடசாலை சிறியது. வகுப்பில் பெண் பிள்ளைகள் அதிகம். நண்பர் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தானே தமிழில் எழுதி, போட்டோக் கொப்பி எடுத்துக் கொண்டுவந்திருந்தார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்னும் புகழ்பெற்ற பகுதியை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "இத எல்லாரும் பாடமாக்கிப் போடுவீங்க. இனித்தான் விசயம் இரிக்கி" என்றார்.

அவர் சொன்ன விசயம் இதுதான். அந்தப் பிரகடனத்தின் பெரும்பகுதி தத்துவம் அல்ல, முறைப்பாடு. மூன்றாம் ஜோர்ஜ் மன்னனுக்கு எதிராக 27 முறைப்பாடுகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். அவசியமான சட்டங்களுக்கு இசைவு தர மறுத்தது. சட்டமன்றங்களை ஆவணங்கள் இருக்கும் இடத்துக்கு வெகு தொலைவில் கூட்டி உறுப்பினர்களை அலையவைத்தது. நீதிபதிகளின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் தன் விருப்பத்துக்கு ஆட்டியது. சமாதான காலத்திலும் மக்களிடையே படையை நிறுத்திவைத்தது. சம்மதம் கேளாமல் வரி போட்டது. நண்பர் ஒவ்வொன்றாக வாசிக்க, பிள்ளைகள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து தொலைவான இடத்தில் கூட்டம் வைத்து அலையவைப்பது என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. பிரதேச செயலகம் வவுணதீவில்; பெரிய அலுவல் என்றால் மட்டக்களப்புக்கு.

வரிப் பேச்சு வந்ததும் பொஸ்டன் துறைமுகம் வந்தது. 1773 டிசம்பரில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டிய கதை. பின்வாங்கில் ஒரு பையன் எழுந்தான்.

"சேர், அது எங்கட தேயிலையா?"

வகுப்பு சிரித்தது. நல்ல கேள்வி. கொட்டப்பட்டது சீனத் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல். பொஸ்டன் சம்பவத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து. நண்பர் அந்த இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துக் காட்டினார்: 94.

அடுத்ததாக நண்பர் கேட்ட கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. "இந்தப் பட்டியல்ல இல்லாத முறைப்பாடு என்ன?" வகுப்பு யோசித்தது. தோமஸ் ஜெபர்சன் எழுதிய வரைவில் அடிமை வணிகத்தைப் பற்றி மன்னன்மேல் ஒரு நீண்ட முறைப்பாடு இருந்தது. காங்கிரஸ் அதை வெட்டியது. தென் கரோலினாவும் ஜோர்ஜியாவும் இணங்கவில்லை, அந்த வணிகத்தில் காசு பார்த்த வடக்கத்தியருக்கும் அது உறுத்தியது என்று ஜெபர்சனே பின்னர் எழுதினார். அவரும் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். பட்டியலின் கடைசி முறைப்பாடு அந்த மண்ணின் பூர்வ குடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்கிறது. இதையும் நண்பர் மறைக்காமல் வாசித்தார்.

முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மெல்லச் சொன்னாள்: "அவங்களும் ஒரு பட்டியல் எழுதியிருந்தா இந்த ராசாட பேருக்குப் பதிலா இவங்கட பேர்தான் வந்திரிக்கும், சேர்."

பாடம் அங்கேயே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவள் சொன்னதைத்தான் வரலாறும் செய்தது. 1848இல் செனக்கா போல்ஸ் என்ற ஊரில் கூடிய பெண்கள், அதே பிரகடனத்தை அச்சாக எடுத்து, மன்னன் இருந்த இடத்தில் ஆண் வர்க்கத்தை வைத்துத் தங்கள் முறைப்பாடுகளை அடுக்கினார்கள். 1852 ஜூலை 5ஆம் திகதி, அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ், உங்கள் ஜூலை 4 அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று மேடையேறிக் கேட்டார். அமெரிக்காவின் ஸ்தாபகக் கொள்கைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்றால், ஸ்தாபகர்களைப் புகழ்வதா இகழ்வதா என்று அந்த நாட்டிலேயே இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. இந்த வகுப்பில் அந்தச் சண்டைக்கு வேலையே வரவில்லை. பட்டியலை ஒரு கருவியாக எடுத்துக்கொண்டார்கள். கருவியைச் செய்தவன் நல்லவனா என்பது ஒரு கேள்வி. அதை வைத்து நாம் என்ன செய்யலாம் என்பது இன்னொரு கேள்வி. பிள்ளைகள் இரண்டையும் கேட்டார்கள்.

பிறகு வேலை கொடுக்கப்பட்டது: உங்கள் ஊரின் முறைப்பாடுகளை எழுதுங்கள். நிபந்தனை மூன்று. என்ன நடந்தது, எப்போது நடந்தது, இதற்கு முன் யாரிடம் சொன்னீர்கள்? மூன்றாவதை நண்பர் அழுத்திச் சொன்னார். குடியேற்றத்தார் எடுத்த எடுப்பில் பிரிந்துபோகவில்லை. பல தடவை விண்ணப்பித்தோம், பதிலுக்குத் தீங்குதான் வந்தது என்று பிரகடனத்திலேயே சொல்கிறார்கள். 1775இல் அனுப்பிய கடைசிச் சமாதான விண்ணப்பத்தை மன்னன் கையில் வாங்கவே மறுத்துவிட்டான்.

பிள்ளைகளின் பட்டியலில் பஸ் முதலாவதாக வந்தது. யானை இரண்டாவது. விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லாதது மூன்றாவது. நாலாவதாகக் குடிதண்ணீர். யானைக்கு மேலே பஸ் எப்படி வந்தது என்று நான் கேட்டேன். "யானை எல்லா நாளும் வராது சேர், பஸ் எல்லா நாளும் வராம இரிக்கி" என்றான் தேயிலைப் பையன்.

பின்னேரம் குளக்கட்டுக்குப் போனோம். உன்னிச்சைக் குளம் விரிந்து கிடந்தது. தூரத்தில் பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள் நின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகைக் காயவிட்டிருந்தன. துருசடியில் வட்டவிதானை ஒருவர் காத்திருந்தார். வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்த்துக்கொள்ள விவசாயிகள் தாமே தெரிந்தெடுக்கும் ஆள் அவர். சட்டைப் பைக்குள் மடித்துவைத்த சீ.ஆர். கொப்பி. எந்த வாய்க்காலுக்கு எத்தனை மணிக்குத் திறந்தது, எவர் வரம்பு வெட்டினார், எவர் வாய்க்கால் துப்புரவுக்கு வரவில்லை எல்லாம் அதில் இருந்தது.

ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஆரம்பக் கூட்டம் நடக்கும். விவசாயிகள், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை நிலையம், பிரதேச செயலகம் எல்லோரும் வர வேண்டும். குளத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும், எந்தத் திகதிக்குப் பிறகு மாட்டை வயலுக்குள் விடக்கூடாது என்று அங்கேதான் தீர்மானம். சிறுபோகத்தில் தண்ணீர் குறைவு. ஆகவே குரல் அதிகம்.

"கூட்டத்தில ஆரும் கேக்கலாம், மனே," என்றார் வட்டவிதானை. "ஆனா கேட்டது கூட்டறிக்கையில ஏறினாத்தான் கேட்டது. இல்லாட்டி அடுத்த போகம் 'அப்பிடி ஒருத்தரும் கேக்கல்லையே' எண்டுவாங்க." குடிநீர் பற்றிக் கேட்டேன். இந்தக் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்குக் குழாயில் போகிறது. அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குளம் எங்கட பக்கம். குழாய் அங்கால பக்கம். அதையும் எழுதித்தான் வெச்சிரிக்கம்."

அங்கே நின்றபோது கல்லோயா ஞாபகம் வந்தது. தெற்கே இன்றைய அம்பாறையில், 1949இல் மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி அணை கட்டத் தொடங்கியது. முப்பது ஆண்டுக்குள் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, தண்ணீர் கடைக்கோடிக்குப் போகாத நிலை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியோடு திருத்த வேலை நடந்தபோது, கோர்னெல் பல்கலைக்கழகத்தின் நோர்மன் அப்ஹொப்பும் கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனத்தாரும் இயந்திரத்துக்கு முன் ஆட்களை அனுப்பினார்கள். இளம் அமைப்பாளர்கள் ஊரில் தங்கி, ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துச் சிறு குழுக்களாக்கினார்கள். வாய்க்காலின் தலைப்பில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைசியில் தமிழர். இனக்கலவரம் நாட்டைச் சுட்ட காலத்திலும் தலைப்பில் இருந்தவர்கள் கடைசிக்குத் தண்ணீர் விட்ட சந்தர்ப்பங்களை அப்ஹொப் பதிவுசெய்திருக்கிறார்.

2009இல் பொருளியல் நோபல் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், பொதுச் சொத்தை மக்களே காக்க முடியுமா என்று ஆராய்ந்த தன் 1990ஆம் ஆண்டு நூலில் இந்தக் கல்லோயா அனுபவத்தையும் எடுத்துப் பேசினார். அவரின் கணவர் வின்சன்ட் ஒஸ்ட்ரம் அமெரிக்க யாப்பை ஆதரித்து எழுதப்பட்ட பெடரலிஸ்ட் கட்டுரைகளை வாழ்நாளெல்லாம் ஆய்ந்தவர். ஒரு வீட்டில் ஒருவர் மேசையில் அந்தக் கட்டுரைகளை எழுதிய மடிசனும் ஹமில்டனும், மற்றவர் மேசையில் வயல் வாய்க்கால். அதிகாரத்தை ஒரே இடத்தில் குவியவிடாமல், சிறு சிறு அமைப்புகளாகப் பங்கிட்டு, ஒன்றையொன்று கேள்வி கேட்க வைப்பது எப்படி என்பதே இரண்டு மேசையிலும் இருந்த கேள்வி. வட்டவிதானையின் கொப்பியைப் பார்த்த பிறகு அதை நான் இன்னும் கொஞ்சம் விளங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் சந்திக் கடையில் பிளேன்டீ. நண்பரிடம் வகுப்பில் கவனித்த ஒன்றைக் கேட்டேன். பட்டியலை எழுதும்போது இருந்த உற்சாகம், கீழே பெயரெழுதிக் கையொப்பம் போடச் சொன்னபோது இல்லை. சிலர் போட்டார்கள். சிலர் 'மாணவர்கள்' என்று பொதுவாக எழுதினால் என்ன என்றார்கள். ஒரு பிள்ளை, வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குப் போடுகிறேன் என்றாள்.

"அவள்ட அம்மப்பாட பேரும் ஒரு பட்டியல்ல இரிக்கி," என்றார் நண்பர்.

1990இல் இந்த மாவட்டம் பட்டது சொல்லி முடியாது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. உன்னிச்சைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் வீட்டையும் வயலையும் விட்டுப் போனதும் அந்த ஆண்டுதான். ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்ட ஹேபர்ட் அடிகளாரும் கூட வந்த தமிழ் இளைஞரும் ஏறாவூர்ப் பக்கத்தில் காணாமற்போனார்கள். அவர் பழக்கிய கூடைப்பந்து இன்னும் ஆடப்படுகிறது. அவருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது.

ஹரி மில்லர் அடிகளார் மட்டக்களப்பிலேயே இருந்தார். சமாதானக் குழுவில் சேர்ந்து, பிள்ளையைத் தேடி வந்த தாய்மாரிடம் கேட்டு எழுதினார்: பெயர், வயது, எந்த ஊர், எந்தத் திகதி, யார் பிடித்தது. வீட்டுக்காரர் முகாமுக்கு முகாம் அலைந்தபோது கிடைத்த பதிலையும் சேர்த்தார். என்ன, எப்போது, யாரிடம் சொன்னீர்கள் என்று நண்பர் வகுப்பில் வைத்த நிபந்தனை அப்படியே அதில் இருக்கிறது. மில்லர் அரசியல் தத்துவ வகுப்பெடுத்தார் என்று சொல்லமாட்டேன். அதிகாரத்தின் கண்ணெதிரே பெயர்சொல்லி எழுதிவைப்பதை மட்டக்களப்பு அவரிடம் கண்டது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு அவருக்குக் கொஞ்சம் கவசம் தந்திருக்கலாம். அந்தக் கவசம் ஹேபர்ட்டைக் காக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஆகவே பெயரெழுதத் தயங்கும் பிள்ளையைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்றைக்குக் காலம் மாறியிருக்கிறது என்பதும் உண்மை. 2015இல் 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை யாப்பில் சேர்த்தது. 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி, சுதந்திர தினத்துக்கு முதல்நாள், நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் தகவல் சட்டத்தில் ஜனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்டதும் அவர்களின் சுதந்திர தினத்தில்தான், 1966 ஜூலை 4இல். எங்கள் சட்டப்படி, உன்னிச்சைக்கு பஸ் அனுமதி எத்தனை, ஓடுவது எத்தனை என்று ஒரு குடிமகன் எழுதிக் கேட்டால் தகவல் அதிகாரி 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிள்ளைகளின் முதலாவது முறைப்பாட்டை அந்தப் படிவத்தில் எழுதுவிக்க நண்பர் எண்ணியிருக்கிறார். அது பாடத்திட்டத்தில் இல்லை, பரீட்சைக்கு வராது என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்லியிருக்கிறாராம். வரலாற்றில் இல்லாவிட்டால் குடியுரிமைக் கல்வியில் வரும் என்று நண்பர் பதில் சொன்னாராம்.

பஸ் வரும்வரை அவருக்கு நான் ஒரு கதை சொன்னேன். 56 பேர் ஒப்பமிட்ட அந்தப் பிரகடனத்தில் 1776 ஜூலை 4ஆம் திகதியே எல்லோரும் கையெழுத்துப் போடவில்லை. பெரும்பாலானோர் போட்டது ஆகஸ்ட் 2ஆம் திகதி; சிலர் அதற்கும் பிறகு. முதலில் அச்சாகி ஊரெங்கும் ஒட்டப்பட்ட தாளில் அந்தப் பெயர்ப் பட்டியல் இல்லை. ராசத்துரோகத்துக்குத் தூக்கு என்பது அவர்களுக்குத் தெரியும். பெயர்களோடு பிரகடனத்தை அச்சிடக் காங்கிரஸ் கட்டளையிட்டது 1777 ஜனவரியில்தான். அச்சிட்டவர் பால்டிமோரில் அச்சகம் நடத்திய மேரி கதரின் கொடார்ட் என்ற பெண். அவர் தாளின் அடியில், அச்சிட்டவர் என்று தன் முழுப் பெயரையும் போட்டார்.

நண்பர் கொப்பியை எடுத்து அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். "அப்ப ஆறு மாசம் அவகாசம் குடுக்கலாம்," என்றார். "இவளுக்கு ஒரு கிழமை போதும்."